எட்டாம் தேதித் தீர்ப்பும் எங்கள் ஊர்க் கட்டுகளும்

09-04-2025, காலை. ஓமலூர் வாசகர் கேட்டது

நேற்று உச்ச நீதிமன்றம் சொன்னதைப் படித்தீர்களா அண்ணே? சட்டமன்றம் நிறைவேற்றிய பத்து மசோதாக்களுக்கு ஆளுநர் ஒப்புதல் தரவில்லை. சரி, அது தப்பு என்றே வைத்துக்கொள்வோம். அதற்காக இரண்டு நீதிபதிகள் உட்கார்ந்து "ஒப்புதல் கிடைத்துவிட்டதாகக் கருதப்படும்" என்று எழுதிவிடலாமா? அவர்களுக்கு யார் ஓட்டுப் போட்டது? நான் ஓட்டுப் போட்டது எம்எல்ஏவுக்கும் எம்பிக்கும்தான். என்னைக் கேட்டால் நாடாளுமன்றமும் சட்டமன்றமும்தான் பெரியது, மற்றதெல்லாம் அதற்குக் கீழே. நீங்கள் முப்பது வருடம் கோர்ட்டில் இருந்தவர். பெரியது எது என்று ஒரே வரியில் சொல்லுங்கள்.

09-04-2025, இரவு

சட்டமன்றம், அரசாங்கம், நீதிமன்றம் மூன்றுமே பெரியது இல்லை தம்பி. 26-01-1950 அன்று நடைமுறைக்கு வந்த அரசமைப்பு என்கிற அந்தப் புத்தகம்தான் பெரியது.

மேடைப் பேச்சு மாதிரி தெரியும், அதனால் என் தொழிலில் இருந்தே சொல்கிறேன். நான் வக்கீல் குமாஸ்தாவாகச் சேர்ந்த முதல் வாரம், இங்கே சேலம் அஸ்தம்பட்டி கோர்ட்டில் ஒரு மனுவைத் தாக்கல் செய்யக் கொண்டுபோனேன். மறுநாள் ரிட்டர்ன் ஆகிவிட்டது. ஓரத்தில் சிவப்பு மையில் ஒரே கேள்வி: எந்தப் பிரிவின் கீழ்? உள்ளே விஷயம் எல்லாம் இருந்தது, கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் சரியாக இருந்தது, தலைப்பில் பிரிவு எழுத விட்டுப்போயிருந்தது. எங்கள் மூத்த குமாஸ்தா அதை வாங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "செக்ஷன் இல்லாம வந்தா நம்பர் ஆகாதுப்பா. நீ கேக்கறது நியாயமா இல்லையாங்கறது அப்புறம். கேக்கறதுக்கு உனக்கு வழி இருக்கான்னு முதல்ல காட்டணும்."

குடிமகனிடம் கோர்ட்டு கேட்கிற இந்தக் கேள்வியைத்தான் அரசமைப்பு அரசாங்கத்திடம் கேட்கிறது. நாடாளுமன்றம் சட்டம் போடலாம் என்று சொல்கிற 245ஆம் உறுப்பே (அரசமைப்பில் பிரிவை உறுப்பு என்பார்கள்), இந்த அரசமைப்பின் விதிகளுக்கு உட்பட்டு என்றுதான் தொடங்குகிறது. நீங்கள் ஓட்டுப் போட்ட எம்எல்ஏ பதவி ஏற்கும்போது அரசமைப்பின் மேல் உண்மையான பற்று வைப்பதாக உறுதி சொல்கிறார். ஆளுநர் அதைப் பேணிக் காப்பதாகச் சொல்கிறார். நீதிபதியும் அப்படியே. ஒருவர் காலில் இன்னொருவர் விழ வேண்டிய அவசியம் இல்லை.

10-04-2025

நேற்று எழுதிவிட்டுப் படுத்தால் தூக்கம் வரவில்லை. ஏப்ரல் 8 என்கிற தேதி உறுத்திக்கொண்டே இருந்தது. எழுந்து பழைய டைரியைப் பார்த்தேன். சேலம்–சென்னை எட்டு வழிச்சாலைக்கு நிலம் எடுக்கும் அறிவிப்பை சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்ததும் ஓர் ஏப்ரல் 8, 2019.

அதை நான் வெளியில் இருந்து பார்க்கவில்லை. குப்பனூர் பக்கம் என் அக்காவுக்கு ஒன்றே கால் ஏக்கர் இருக்கிறது. பாதி குச்சிக்கிழங்குக் காடு, பாதி பாக்கும் தென்னையும். 2018 ஜூனில் ஒரு நாள் மதியம் போன் வந்தது, "தம்பி, காட்டுல கல்லு நடறாங்க". நான் பஸ் பிடித்துப் போவதற்குள் நட்டுவிட்டார்கள். முழங்கால் உயரக் கல், கிணற்று மேட்டுக்கும் முதல் பாக்கு மரத்துக்கும் நடுவில். தோண்டிப் போட்ட செம்மண் ஈரம்கூடக் காயவில்லை. அக்கா அதன் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. அளக்க வந்தவர்களிடம் அவள் கேட்டது ஒன்றுதானாம்: "எங்காடுன்னு எந்தக் காகிதத்துல போட்டிருக்குது, காட்டுங்க." நாலாம் வகுப்பு படித்தவள். அந்தக் கேள்விக்கும் என் மனுவில் இருந்த சிவப்பு மைக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை.

காகிதம் இருந்தது. தேசிய நெடுஞ்சாலைச் சட்டத்தின் கீழ் அறிவிப்பு, அதில் சர்வே எண், அவள் எண்ணும் இருந்தது. அறிவிப்பு வந்து 21 நாளுக்குள் ஆட்சேபணை தரலாம் என்று அதே சட்டம் சொல்கிறது. சிட்டா, அடங்கல், பட்டா நகல், மரக்கணக்கு எல்லாம் சேர்த்து நானே எழுதிக் கொடுத்தேன். தென்னை 31, பாக்கு 140. ஒவ்வொன்றையும் தொட்டு எண்ணினோம். சாலை 277 கிலோமீட்டர், திட்ட மதிப்பு 10,000 கோடி. அந்தக் கணக்குக்கு நடுவில் இந்த 31 தென்னைக்கும் ஒரு பத்தி கிடைத்தது என்றால் அது யாருடைய கருணையும் இல்லை, சட்டத்தில் அந்தப் பத்திக்கு இடம் இருந்தது.

2019இல் தீர்ப்பு வந்த அன்று அக்கா மாரியம்மனுக்குப் பொங்கல் வைத்தாள். தம்பி, உங்கள் கேள்விக்கு என் பதில் அந்தப் பொங்கல்தான். அன்றைக்கு நிர்வாகம் ஒரு பக்கம், ஒன்றே கால் ஏக்கர் ஒரு பக்கம். நடுவில் ஓட்டுக்குப் பயப்பட வேண்டாத ஒருவர் தேவைப்பட்டார்.

12-04-2025

அரியானூரில் இருந்து ஓர் ஆசிரியை எழுதியிருக்கிறார். "அண்ணா, பாதிக் கதையைச் சொல்லிவிட்டு நிறுத்திவிட்டீர்கள். 2020ஐ ஏன் விட்டீர்கள்?" அவர் சொல்வது சரி. விட்டிருக்கக் கூடாது.

08-12-2020 அன்று உச்ச நீதிமன்றம் அந்த நில அறிவிப்பு செல்லும் என்றது. நிலம் எடுக்கப்போகிறோம் என்று அறிவிக்கிற கட்டத்திலேயே சுற்றுச்சூழல் அனுமதி கையில் இருக்க வேண்டியதில்லை என்பது அதன் முடிவு. அக்கா அன்று சாப்பிடவில்லை. எனக்கும் கோபம்தான். ஆனால் தீர்ப்பை முழுதாகப் படித்தபோது ஒன்று கண்ணில் பட்டது. நிலம் அரசுக்குப் போய்ச் சேருவதற்கு முன்பே வருவாய்க் கணக்கில் பெயர் மாற்றியது தவறு, அதைப் பழையபடி திருத்த வேண்டும் என்று உயர் நீதிமன்றம் சொன்னதை உச்ச நீதிமன்றம் கைவைக்காமல் விட்டிருந்தது. அறிவிப்பு என்பது வேறு, உரிமை மாறுவது வேறு. இரண்டுக்கும் நடுவில் சட்டம் வைத்திருக்கிற படிகளை யாரும் ஒரே தாவாகத் தாண்ட முடியாது.

எனக்குப் பிடித்த தீர்ப்பு வந்தால் நீதிமன்றம் பெரியது, பிடிக்காதது வந்தால் சிறியது என்று பேச எனக்கு உரிமை இல்லை. அந்த ஆசிரியைக்கு நன்றி.

அதே நாள், மாலை

பத்து மசோதாவும் சட்டமாக அரசிதழில் வந்துவிட்டன. ஆளுநரோ குடியரசுத் தலைவரோ கையெழுத்திடாமல் நீதிமன்றத் தீர்ப்பின் பேரில் வந்த சட்டங்கள். இதில் மிகப் பழையது 2020 ஜனவரியில் நிறைவேறியது. 2023 நவம்பர் 13 அன்று ஆளுநர் திருப்பி அனுப்ப, 18ஆம் தேதி சிறப்புக் கூட்டம் போட்டு மறுபடி நிறைவேற்றினார்கள். இரண்டாம் முறை வந்ததை அவர் நவம்பர் 28 அன்று குடியரசுத் தலைவருக்கு அனுப்பினார். பெரும்பாலும் துணைவேந்தர் நியமனம் பற்றிய மசோதாக்கள். பெங்களூரு ரோட்டில் ஒரு பல்கலைக்கழகத்தை வைத்திருக்கிற ஊர் இது. நமக்கு இது டெல்லிச் செய்தி இல்லை.

24-04-2025

இன்று 24. கேசவானந்த பாரதி வழக்கின் தீர்ப்பு நாள், 1973. பதின்மூன்று நீதிபதிகள், 68 நாள் விசாரணை, ஏழுக்கு ஆறு. நாடாளுமன்றம் அரசமைப்பின் எந்தப் பகுதியையும் திருத்தலாம், ஆனால் அதன் அடிப்படைக் கட்டமைப்பை அழிக்க முடியாது. ஓமலூர் தம்பி கேட்ட கேள்விக்கு நாடு கேட்டு வாங்கிய பெரிய பதில் இதுதான்.

காலையில் மருமகளுக்கு ஸ்கேன் ரிப்போர்ட் வாங்க அரசு மருத்துவமனைக்குப் போனேன். டோக்கன் வரிசையில் நின்றபடி மேலே பார்த்தால், அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி. எத்தனை வருடமாக அந்தப் பெயரைப் பார்த்திருக்கிறேன்! இந்தத் தேதியில் பார்த்தபோதுதான் மண்டையில் அடித்தது.

சொல்கிறேன். 1973இல் தீர்ப்பு வந்த கையோடு, ஷெலாட், ஹெக்டே, குரோவர் என்று மூத்த நீதிபதிகள் மூவரைத் தாண்டி ஏ.என். ரே தலைமை நீதிபதி ஆக்கப்பட்டார். தாண்டப்பட்ட மூவரும் அரசுக்கு எதிரான பெரும்பான்மைப் பக்கம் நின்றவர்கள். மூவரும் ராஜினாமா செய்தார்கள். மக்களவையில் எழுந்து அந்த நியமனத்துக்காக வாதாடியவர் உருக்குத் துறை அமைச்சர் மோகன் குமாரமங்கலம். தலைமை நீதிபதியைத் தேர்ந்தெடுக்கும்போது அவருடைய கண்ணோட்டத்தையும் அரசு பார்க்கலாம் என்பது அவர் வாதத்தின் சாரம். அடுத்த மாதம் 31ஆம் தேதி விமான விபத்தில் இறந்துபோனார். இவருடைய அப்பா, குமாரமங்கலம் ஜமீன் சுப்பராயன், அரசமைப்பை எழுதிய அவையிலேயே உறுப்பினராக இருந்தவர். அப்போது குமாரமங்கலம் சேலம் ஜில்லா.

மோகன் குமாரமங்கலம் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஏழைக்கு நிலம் போய்ச் சேர்வதற்குக் கோர்ட்டுகள் குறுக்கே நிற்கின்றன என்று அந்தக் காலத்தில் நினைத்தவர்கள் பலர், அந்த ஆத்திரத்தில் உண்மை இருந்தது. ஆனால் நீதிபதி நாற்காலிக்கு யார் வரலாம் என்பதைத் தீர்ப்பைப் பார்த்து அரசாங்கம் முடிவு செய்ய ஆரம்பித்தால், அக்காவின் ஆட்சேபணை மனுவை யார் படிப்பார்கள்? அந்த வாதத்தின் பலனை நாடு இரண்டே வருடத்தில் நெருக்கடி நிலையில் பார்த்தது. நெருக்கடி நிலையில் பிடிபட்டவர்கள் கோர்ட்டுக்கு வரலாமா என்ற ஆட்கொணர்வு வழக்கில், வரலாம் என்று தனித்து நின்ற நீதிபதி எச்.ஆர். கன்னாவையும் 1977இல் அப்படித்தான் தாண்டினார்கள்.

27-04-2025

ஓமலூர் தம்பி என்னை நன்றாக மடக்கியிருக்கிறார். "எந்தப் பிரிவின் கீழ் என்று எல்லோரையும் கேட்கிறீர்களே அண்ணே, நீதிபதிகளை நீதிபதிகளே தேர்ந்தெடுக்கிற கொலீஜியம் எந்தப் பிரிவின் கீழ்?"

மூன்று நாள் யோசித்தேன். 124ஆம் உறுப்பில் குடியரசுத் தலைவர் நீதிபதிகளோடு கலந்தாலோசித்து நியமிப்பார் என்று இருக்கிறது. கலந்தாலோசனை என்றால் இசைவு என்று 1993இல் நீதிமன்றம் பொருள் சொன்னது. கொலீஜியம் என்ற சொல் புத்தகத்தில் எங்கும் இல்லை. அதை மாற்ற 99ஆம் திருத்தம் போட்டு நீதிபதிகளை நியமிக்க ஓர் ஆணையம் கொண்டுவந்தார்கள், 16-10-2015 அன்று நாலுக்கு ஒன்று என்ற கணக்கில் அதுவும் ரத்தானது.

1973ஐ நினைத்தால் கொலீஜியம் ஏன் வந்தது என்பது எனக்குப் புரிகிறது. சுட்டுக்கொண்ட கை அது. ஆனால் என் சொந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் இந்த மனுவும் ரிட்டர்ன் ஆக வேண்டியதுதான். நீதிபதிகளை அரசாங்கம் எடுக்கக் கூடாது என்பதிலும் உறுதியாக இருக்கிறேன், எழுதாத ஒன்றின் மேல் இவ்வளவு பெரிய அதிகாரம் நிற்பது சரியில்லை என்பதிலும் உறுதியாக இருக்கிறேன். இரண்டையும் சேர்த்துக் கட்ட என்னால் முடியவில்லை. தம்பி பக்கம் ஒரு புள்ளி.

18-05-2025

இது கொஞ்சம் விலகிப் போகிறது, பரவாயில்லை. ஏற்காட்டில் இருந்து ஒரு தங்கை கேட்கிறார். மலையாளிப் பழங்குடி, கல்லூரியில் படிக்கிறாராம். "ஐயா, எங்கள் தொகுதி தனித்தொகுதி. அப்படியானால் இந்த மலைக்கு அரசமைப்பில் தனிப் பாதுகாப்பும் இருக்கும் அல்லவா? ஐந்தாம் அட்டவணை என்கிறார்களே?"

இல்லை அம்மா. ஐந்தாம் அட்டவணை என்பது பழங்குடிப் பகுதிகளுக்குத் தனி நிர்வாக முறை சொல்கிற பகுதி. அதன் கீழ் வரும் இடங்கள் பத்து மாநிலங்களில் இருக்கின்றன, தமிழ்நாடு அதில் இல்லை. சேர்வராயன் மலை முழுக்கப் பழங்குடி ஊர்கள் இருந்தாலும் அது பட்டியல் பகுதி ஆகாது. அதனால் கிராம சபைக்குப் பெரிய அதிகாரம் கொடுத்த 1996ஆம் ஆண்டுச் சட்டமும் இங்கே வராது. பழங்குடியினர் ஆலோசனை மன்றம் மட்டும் தமிழ்நாட்டுக்கு உண்டு. தொகுதி ஒதுக்கீடு வேறு வாசல், அது 332ஆம் உறுப்பு.

ஆனால் 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் மலைக்கும் உண்டு. அதில் உரிமையை முடிவு செய்யும் வேலையை முதலில் தொடங்க வேண்டியது கிராம சபை. தாசில்தாரும் இல்லை, ரேஞ்சரும் இல்லை, உங்கள் ஊர்ச் சபை. இதைப் பெரிய விஷயம் என்று நான் நினைக்கிறேன். அதிகாரத்தை மூன்றாகப் பிரித்ததோடு நிற்காமல் நாலாவதாக ஒரு திண்ணைக்கும் கொஞ்சம் கொடுத்திருக்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இந்த இழை முழுக்க நீதிமன்றத்துக்கு நான் பூ வைத்துக்கொண்டிருக்கிறேன். நாடாளுமன்றம் கொடுத்த அந்த உரிமைக்குத் தமிழ்நாட்டில் பட்டா வழங்குவது உயர் நீதிமன்றத்தின் 2008ஆம் ஆண்டு உத்தரவு ஒன்றால் 2016 வரை முடங்கிக் கிடந்தது. உச்ச நீதிமன்றம் விலக்கிய பிறகுதான் நகர்ந்தது. எட்டு வருடம். இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி மலைக்குப் போய் ஒரு முதியவரிடம், உங்கள் விண்ணப்பம் சரியாகத்தான் இருக்கிறது, கோர்ட்டில் தடை இருக்கிறது என்று நானே சொல்லியிருக்கிறேன். அவர் மிளகுக் கொடியை மரத்தில் ஏற்றிக் கட்டிக்கொண்டிருந்தார். கட்டி முடித்த பிறகுதான் திரும்பிப் பார்த்தார். "தடையை யார் போட்டதுங்க, சர்க்காரா?" என்றார். "இல்லைங்க, கோர்ட்டு" என்றேன். நம்பாமல் என்னையே பார்த்தார்.

19-05-2025

நேற்று எழுதியதில் ஒரு சின்ன விளக்கம். ஐந்தாம் அட்டவணைப் பகுதிகளில் ஒரு சட்டம் பொருந்தாது என்றோ, மாற்றங்களோடு பொருந்தும் என்றோ ஆளுநரே அறிவிக்கலாம். அவ்வளவு அதிகாரத்தை அங்கே வெளிப்படையாக எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அப்படியானால் ஆளுநரின் ஒப்புதலைப் பற்றிய 200ஆம் உறுப்பில் மசோதாவைக் கையில் வைத்துக்கொண்டு காலவரை இல்லாமல் இருக்கலாம் என்று எழுதாததும் தற்செயல் இல்லை. திருப்பி அனுப்புவதானால் கூடிய விரைவில் என்றுதான் அதில் இருக்கிறது.

இதற்கிடையில் குடியரசுத் தலைவர், நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்க வழி செய்யும் 143ஆம் உறுப்பின் கீழ், மசோதா ஒப்புதல் பற்றிய 14 கேள்விகளை உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்பியிருக்கிறார். காத்திருப்போம்.

22-06-2025

அதிகாரப் பிரிவினை என்றால் டெல்லியிலும் சென்னையிலும் நடப்பது என்று நினைக்கிறவர்களுக்காக ஒரு 107 கேஸ்.

வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை பார்க்கும் ஒரு பையன். தெருவில் ஒரு தகராறு. அமைதியைக் குலைப்பான் என்று பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107ஆம் பிரிவில் போலீஸ் அறிக்கை கொடுத்தது, ஒரு வருடம் அமைதியைக் குலைக்க மாட்டேன் என்று பிணைப்பத்திரம் எழுதி வாங்கினார்கள். எந்த ஊர், எந்த அலுவலகம் என்பது இங்கே வேண்டாம். இந்தப் பத்திரம் வாங்குகிறவர் நிர்வாக நடுவர். வழக்கமாக ஆர்டிஓவோ தாசில்தாரோ. ஆனால் மாநகரங்களில் அந்த அதிகாரத்தை அரசு காவல் துணை ஆணையர்களுக்கே கொடுத்திருந்தது.

பாருங்கள். அறிக்கை கொடுத்தது காவல் நிலையம். விசாரித்தது அந்த நிலையத்துக்கு மேலே இருக்கிற அதிகாரி. ஆறு மாதத்தில் இன்னொரு தகராறு, பத்திரத்தை மீறிவிட்டான் என்று உள்ளே அனுப்பியதும் அதே அதிகாரி. பையனின் அம்மா என்னிடம் வந்து, "கோர்ட்டு எப்பங்க?" என்று கேட்டார். முடிந்துவிட்டதும்மா என்றேன். "இல்லீங்க, அது போலீசு ஆபீசுங்க. கோர்ட்டு எப்ப?" அவர் கையில் பட்டறைக்காரர் கொடுத்த நன்னடத்தைச் சான்றிதழ் இருந்தது, பிளாஸ்டிக் கவரில் மடிப்புக் கலையாமல். அதை யாரிடமும் காட்ட அவருக்கு ஒரு வாய்தாகூடக் கிடைக்கவில்லை.

50ஆம் உறுப்பு சொல்வது ஒரே வாக்கியம்: நீதித்துறையை நிர்வாகத்திலிருந்து பிரிக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும். 2023 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் காவல் அதிகாரிகளுக்கு இந்த நடுவர் அதிகாரத்தைக் கொடுத்த அரசாணைகளை, அதிகாரப் பிரிவினைக்கு விரோதம் என்று ரத்து செய்தது. அன்றைக்கு எனக்கு அந்த அம்மா ஞாபகம்தான். சட்டப் புத்தகம் பார்க்காமலே அவர் சரியான கேள்வியைக் கேட்டிருந்தார்.

16-08-2025

நேற்றுக் கொடியேற்றிவிட்டு வந்து பேரன், நம்ம ஊரில் யார் சுதந்திரத்துக்குப் போராடினார்கள் என்று கேட்டான். ராஜாஜி நகராட்சித் தலைவராக இருந்ததை அவன் பாடத்தில் படித்திருக்கிறான். நான் அவனுக்குச் சொன்னது சேலம் விஜயராகவாச்சாரியார்.

1882இல் இங்கே கலவரம். நகராட்சி உறுப்பினராக இருந்த அவரைத் தூண்டியவர் என்று பிடித்துப் பத்து வருடத் தண்டனை கொடுத்தார்கள். மேல்முறையீட்டில் விடுதலை. எல்லோரும் அதோடு வீட்டுக்குப் போய்விடுவார்கள். இவர் போகவில்லை. தன்னை நகராட்சியில் இருந்து நீக்கியது செல்லாது என்று இந்தியாவுக்கான செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட், அதாவது பிரிட்டிஷ் அரசின் இந்திய அமைச்சர் மேலேயே வழக்குப் போட்டார். ஜெயித்தார். பதவி திரும்பக் கிடைத்தது, நஷ்ட ஈடாக 100 ரூபாயும் கிடைத்தது. அப்புறம் 1920இல் நாக்பூர் காங்கிரசுக்கே தலைமை வகித்தார்.

அப்போது நமக்கென்று அரசமைப்பு இல்லை, அடிப்படை உரிமை இல்லை, ஓட்டுக்கூட எல்லோருக்கும் இல்லை. ஆளுகிறவனின் சட்டத்தை வைத்தே ஆளுகிறவனிடம், என்னை நீக்க உனக்கு எந்த அதிகாரம், காட்டு என்றார். இன்றும் அரசு மேல் சிவில் வழக்குப் போட, சிவில் நடைமுறைச் சட்டத்தின் 80ஆம் பிரிவில் நோட்டீஸ் கொடுத்து இரண்டு மாதம் காத்திருக்கும்போதெல்லாம் அந்த 100 ரூபாயை நினைத்துக்கொள்வேன்.

பேரன் தூங்கிய பிறகு எழுதுகிறேன், இதை அவனிடம் சொல்லவில்லை. 11-02-1950. அரசமைப்பு நடைமுறைக்கு வந்து பதினாறு நாள். சேலம் மத்திய சிறையில் துப்பாக்கிச் சூடு, கம்யூனிஸ்ட் கைதிகள் 22 பேர் செத்துப்போனார்கள். பெரும்பாலும் மலபார்க்காரர்கள். உயிர்வாழும் உரிமை என்று 21ஆம் உறுப்பில் மை காய்வதற்கு முன்னால். அதே வருடம் மே மாதம் கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் தன் தடுப்புக்காவலை எதிர்த்துப் போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் சட்டத்தின் ஒரே ஒரு பிரிவைத்தான் ரத்து செய்தது. பிடித்ததற்கான காரணத்தைக் கோர்ட்டில்கூடச் சொல்லக் கூடாது என்ற பிரிவு. மற்றதெல்லாம் செல்லும் என்றார்கள். 21ஆம் உறுப்புக்கு இன்று இருக்கிற அர்த்தம் வர 1978 வரை ஆயிற்று.

புத்தகம்தான் பெரியது என்று ஏப்ரலில் எழுதினேன். எழுதியது தப்பில்லை. ஆனால் புத்தகம் தானாக எழுந்து வராது. சிறைச் சுவரைத் தாண்டி அது உள்ளே போக 28 வருடம் ஆகியிருக்கிறது.

21-11-2025

குடியரசுத் தலைவர் அனுப்பிய கேள்விகளுக்கு நேற்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கருத்துச் சொல்லிவிட்டார்கள். ஆளுநருக்கும் குடியரசுத் தலைவருக்கும் நீதிமன்றம் காலக்கெடு விதிக்க முடியாது. ஒப்புதல் கிடைத்ததாகக் கருதுவது என்பதற்கு அரசமைப்பில் இடமில்லை, முழு நீதி வழங்க உச்ச நீதிமன்றத்துக்குச் சிறப்பு அதிகாரம் தரும் 142ஆம் உறுப்பை வைத்தும் அதைச் செய்ய முடியாது. அதே சமயம், ஆளுநர் மசோதாவைச் சட்டமன்றத்துக்குத் திருப்பாமல் வெறுமனே நிறுத்திவைக்க முடியாது. காரணம் சொல்லாமல் காலவரையின்றி நீட்டினால், முடிவெடுங்கள் என்று மட்டும் நீதிமன்றம் உத்தரவிடலாம். என்ன முடிவு என்று சொல்லக் கூடாது.

தம்பி, நீங்கள் ஏப்ரல் 9 காலையில் எழுதியதை மறுபடி படித்தேன். "ஒப்புதல் கிடைத்ததாகக் கருதப்படும் என்று எழுதிவிடலாமா" என்றீர்கள். நான் அதற்கு நேராகப் பதில் சொல்லவே இல்லை. பொங்கலைப் பற்றிச் சொன்னேன், கல்லைப் பற்றிச் சொன்னேன். மூன்று வருடம் கிடந்த மசோதாவைப் பார்த்த கோபத்தில், தீர்ப்பின் முடிவு பிடித்திருந்ததால், அதன் தலைப்பில் பிரிவு இருக்கிறதா என்று நான் பார்க்கவில்லை. கொலீஜியத்தில் நீங்கள் என்னை மடக்கியபோதே இதையும் பார்த்திருக்க வேண்டும். நாடாளுமன்றத்தைக் கேட்கிறேன், ஆளுநரைக் கேட்கிறேன் என்றால் நீதிமன்றத்தையும் கேட்கத்தான் வேண்டும். அந்த அளவில் நீங்கள் சொன்னது சரி.

ஆனால் நாடாளுமன்றமும் சட்டமன்றமும்தான் பெரியது என்று முடித்தீர்களே, அதை இன்றும் ஏற்கமாட்டேன். நேற்றைய கருத்து அப்படிச் சொல்லவும் இல்லை.

எனக்கு இதில் உண்மையான கவலை ஒன்று இருக்கிறது. காலக்கெடு இல்லாத கடமை என்ன ஆகும் என்பதை குமாஸ்தாவுக்குச் சொல்லித் தர வேண்டாம். கட்டுகள் அலமாரியில் எப்படி மக்கும் என்று பார்த்திருக்கிறேன். நாடா இற்று, ஓரம் பழுப்பாகி, கட்சிக்காரர் இறந்து, வாரிசுச் சான்றிதழ் வாங்கி, வாரிசும் இறந்து. காலவரையின்றி நீட்டினால் கேட்கலாம் என்கிறார்கள். சரி, எந்த நாளில் இருந்து அது நீட்டல் ஆகிறது? ஒவ்வொரு முறையும் ஒரு மாநிலம் டெல்லிக்குப் போய் அதைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டுமா? காலக்கெடு நீதிபதியின் பேனாவில் இருந்து வரக் கூடாது என்றால் 368ஆம் உறுப்பின் கீழ் அரசமைப்பில் திருத்தம் போட்டு வரட்டும். அதைச் செய்ய வேண்டியவர்கள் நீங்கள் ஓட்டுப் போட்டு அனுப்பிய எம்பிக்கள். அவர்களிடம் கேளுங்கள் தம்பி, நானும் கேட்கிறேன்.

26-11-2025

அரசமைப்பு நாள். 1949இல் இந்தத் தேதியில்தான் அதை ஏற்றுக்கொண்டார்கள்.

குப்பனூர் போய் வந்தேன். ஏழு வருடம் ஆகிவிட்டது, சாலை வரவில்லை. பட்டாவை செல்போனில் எடுத்துக் காட்டினேன். அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு தன் பெயரையும் அத்தான் பெயரையும் எழுத்துக் கூட்டி வாசித்தாள். இருக்கிறது.

கல்லும் இருக்கிறது. பாதி மண்ணில் புதைந்து, மேலே பாசி பிடித்து. குச்சிக்கிழங்கு பிடுங்கும்போது மண்வெட்டியைத் தீட்டுவதற்கு அதைத்தான் வைத்துக்கொள்கிறார்கள், ஒரு பக்கம் வழவழப்பாகிவிட்டது. அவள் பேரன், "இதைப் பிடுங்கிப் போட்டுடலாமா ஆயா?" என்றான். அவள் என்னைக் காட்டினாள். "தாத்தாவைக் கேளு. பிடுங்கறதுக்கு எந்தச் செக்ஷன்னு சொல்லும்."

பஸ்ஸில் வரும்போதே மனுவை யோசித்துவிட்டேன். தலைப்பில் பிரிவு எழுதியாயிற்று. நாளைக்கு அவள் கையெழுத்து வாங்க வேண்டும்.